‘திருத்தங்கள் குரல் வாக்கெடுப்பில் நிராகரிக்கப்பட்டன’ என்றால் அங்கே என்ன நடந்தது?

கேள்வி இதுதான்: “ஒவ்வொரு மசோதாவின்போதும் ‘எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த திருத்தங்கள் குரல் வாக்கெடுப்பில் நிராகரிக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. எம்.பி.க்கள் நிஜமாகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட்டுப் போடுகிறார்களா? எங்கள் தொகுதி எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்துகொள்ள முடியுமா?”

ஓட்டு உண்டு. ஆனால் பெரும்பாலும் அதில் பெயர் கிடையாது. சபையில் யாராவது எழுந்து “எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேட்டால்தான் பெயரோடு பதிவாகும். கேட்காவிட்டால் அது வெறும் சத்தம்தான். நீங்கள் படிக்கும் அந்த ஒற்றை வரிக்குள் பத்து திருத்தமும் இருக்கலாம், நூறு திருத்தமும் இருக்கலாம்.

முதலில் திருத்தம் என்பது பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை ஒரு பெரிய கொள்கை அறிக்கை போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அது ஒரு பிழைதிருத்தப் பட்டியல் மாதிரிதான் இருக்கும். “பக்கம் 2, இத்தனையாவது வரியில் ‘மூன்று’ என்பதற்குப் பதிலாக ‘ஐந்து’ என்று போடுக.” அவ்வளவுதான். என்ன காரணம், யாருக்கு லாபம் என்று எதுவும் அதில் இருக்காது. மசோதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மட்டுமே புரியும். மக்களவையில் மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பே இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மசோதாவின் எல்லைக்குள் இருக்க வேண்டும், சபை ஏற்கெனவே எடுத்த முடிவோடு முரண்படக் கூடாது. அரசுக்கு வரி, செலவு சம்பந்தப்பட்டது என்றால் சில வகைத் திருத்தங்களுக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையும் வேண்டும். குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் அரசுதான். ஆக, சில திருத்தங்கள் சபைக்குள் வருவதற்கு முன்பே வாசலில் நின்றுவிடும்.

மசோதா மீதான பொது விவாதம் முடிந்து, அமைச்சர் பதில் சொல்லி முடித்ததும் பிரிவு பிரிவாக எடுப்பார்கள். டிவியில் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் அதற்குள் சேனலை மாற்றிவிடுவார்கள். சபாநாயகர் வேகமாகப் படித்துக்கொண்டே போவார். வரிசை 2ஆம் பிரிவிலிருந்து தொடங்கும். மசோதாவின் பெயரும் ஆண்டும் இருக்கும் 1ஆம் பிரிவு கடைசியில்தான் வரும், உள்ளே என்ன மிஞ்சியது என்று தெரிந்த பிறகே பெயர் வைக்க வேண்டும் என்பது போல. ஒரு பிரிவுக்குத் திருத்தம் இருந்தால், கொடுத்தவர் பெயரைச் சபாநாயகர் கூப்பிடுவார். “இன்னார், திருத்தம் எண் 12 முதல் 18 வரை, முன்மொழிகிறீர்களா?” அவர் சபையில் இல்லாவிட்டால் திருத்தம் அங்கேயே செத்தது. இருந்தால் “முன்மொழிகிறேன்” என்பார், ஓரிரு நிமிடம் பேச விடுவார்கள். அப்புறம் பல நேரம் ஏழையும் சேர்த்து ஒரே மூச்சில் வாக்குக்கு விடுவார்கள். ஆதரிப்போர் ‘ஆம்’ என்க, எதிர்ப்போர் ‘இல்லை’ என்க. ‘ஆம்’ வலுவாக இருந்தாலும் சரி, வலுவில்லாமல் இருந்தாலும் சரி, தலைவரின் காதுதான் அளவுகோல். “இல்லை என்போரே அதிகம்” என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த பிரிவு.

இதை யாராவது மறுத்து “டிவிஷன்”, அதாவது ஓட்டை எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டால் காட்சி மாறும். மணி அடிக்கும், லாபியைக் காலி செய்யச் சொல்வார்கள், கேன்டீனிலும் நூலகத்திலும் இருக்கும் உறுப்பினர்கள் ஓடிவர மூன்றரை நிமிடம். பிறகு கதவுகள் மூடப்படும். கேள்வியை இன்னொரு முறை படிப்பார்கள். சபையின் பொதுச் செயலாளர் எழுந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று, அதுவரை நூறு முறை சொன்னதையே மறுபடி விளக்குவார். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. கருவி சரியாக வேலை செய்யாதவர்களும் தப்பாக அழுத்தியவர்களும் கையைத் தூக்குவார்கள், அவர்களுக்கு ஓட்டைக் காகிதத்தில் பதிவு செய்யச் சீட்டு கொடுப்பார்கள்.

அந்தச் சீட்டு சாதாரண விஷயமல்ல. 2024 டிசம்பர் 17 அன்று, ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ தொடர்பான 129ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவை அறிமுகம் செய்வதற்கே மக்களவையில் டிவிஷன் கேட்டார்கள். புதிய கட்டடத்தின் மக்களவையில் மின்னணு முறையில் நடந்த முதல் வாக்கெடுப்பு அது. திரையில் முதலில் வந்த எண்ணிக்கை 220-க்கு 149. சீட்டுகளையும் எண்ணி முடித்தபோது 269-க்கு 198. கிட்டத்தட்ட நூறு ஓட்டு காகிதத்தில் வந்திருந்தது. டிவியில் முதல் எண்ணிக்கையைப் பார்த்தவுடன் வாட்ஸப்பில் பரப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

டிவிஷன் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? ஒரே ஒரு உறுப்பினர் தலைவரின் முடிவை ஏற்கவில்லை என்றாலும் எண்ண வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். வீணாகக் கேட்கிறார்கள் என்று தலைவருக்குத் தோன்றினால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடவும் விதியில் இடம் இருக்கிறது. ஆனால் 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது நடந்தது வேறு. மசோதாவை ஆராயும் எம்.பி.க்களின் தேர்வுக் குழுவுக்கு அதை அனுப்ப வேண்டும் என்பது உள்ளிட்டவற்றுக்கு தி.மு.க.வின் திருச்சி சிவா உள்படப் பலர் டிவிஷன் கேட்டார்கள். துணைத் தலைவர் ஹரிவன்ஷ், இருக்கையில் இருந்து கேட்டால்தான் தர முடியும் என்றார். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. கேட்டவர்கள் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்று அதற்குப் பிறகு வீடியோவை வைத்துக்கொண்டு இரு தரப்பும் சண்டை போட்டன. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம். என் கருத்தைக் கேட்டால், அன்று எண்ணியிருக்க வேண்டும். ஜெயிப்பது உறுதி என்றால் எண்ணுவதில் என்ன கஷ்டம்? 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான், அதுவும் விவாதமே இல்லாமல்.

சரி, எண்ணினால் மட்டும் முடிவு மாறுமா என்றால், மக்களவையில் அநேகமாக மாறாது. காரணம் கொறடா, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சி உத்தரவு. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டாலும், ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலும் பதவி போகலாம். பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். அரசு கவிழுமா கவிழாதா என்ற ஓட்டுக்கும், ஒரு வரியில் ‘மூன்று’ என்பதை ‘ஐந்து’ ஆக்கும் ஓட்டுக்கும் இந்தச் சட்டத்தில் வித்தியாசம் எழுதப்படவில்லை. அதனால் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவருக்கு எதிர்க்கட்சியின் திருத்தம் மிக நியாயமாகப் பட்டாலும், அவர் சிவப்பைத்தான் அழுத்துவார். எதிர்க்கட்சி எம்.பி.க்கும் இதே கதைதான், பொத்தானின் நிறம் மட்டும் வேறு. நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரியான சிலவற்றுக்கு மட்டும் கொறடாவை வைத்துக்கொண்டு மற்றவற்றில் உறுப்பினரை விட்டுவிடலாம் என்று காங்கிரஸின் மணீஷ் திவாரி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனிநபர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். அதுவும் கொறடா இருக்கும் சபையில்தான் நிறைவேற வேண்டும் என்பது வேடிக்கை.

ஆக, யார் சொல்வது சரி என்பதில் திருத்தத்தின் தலைவிதி இல்லை. அந்த நேரத்தில் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்து 2017 ஜூலை 31ஐ விட நல்ல உதாரணம் கிடையாது.

தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கு அரசியலமைப்பு அந்தஸ்து தரும் 123ஆவது திருத்த மசோதா அன்று மாநிலங்களவையில் இருந்தது. மக்களவை ஏப்ரலிலேயே நிறைவேற்றிவிட்டது. இடையில் மாநிலங்களவையின் தேர்வுக் குழுவும் பார்த்துவிட்டது. கொள்கையளவில் எதிர்ப்பே இல்லை, எல்லாக் கட்சிக்கும் பிற்படுத்தப்பட்டோர் ஓட்டு வேண்டும். மசோதாவின் 3ஆம் பிரிவுதான் ஆணையத்தையே உருவாக்கும் பிரிவு: தலைவர், துணைத் தலைவர், மூன்று உறுப்பினர்கள். திக்விஜய் சிங் உள்ளிட்ட காங்கிரஸ் உறுப்பினர்கள் மூன்றை ஐந்தாக்க வேண்டும், அதில் ஒரு பெண்ணும் சிறுபான்மையினர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார்கள். டிவிஷன் கேட்டார்கள். ஆளுங்கட்சி வரிசையில் பல இருக்கைகள் காலி. ஆதரவு எழுபத்துச் சொச்சம், எதிர்ப்பு ஐம்பத்துச் சொச்சம். திருத்தம் ஜெயித்துவிட்டது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். அரசியலமைப்புத் திருத்த மசோதாவில் ஒவ்வொரு பிரிவும் நிறைவேறச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்: சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அத்தோடு வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அந்தப் பிரிவுக்குக் கொடுக்கப்படும் திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அதாவது வாசல் அகலம், உள்ளே கதவு குறுகல். எதிர்க்கட்சியால் 3ஆம் பிரிவை மாற்ற முடிந்தது. மாற்றிய பிரிவை மூன்றில் இரண்டு பங்கோடு நிறைவேற்ற யாராலும் முடியவில்லை. பிரிவே உதிர்ந்துவிட்டது. ஆணையத்துக்கு அந்தஸ்து தரும் மசோதா, ஆணையத்தை உருவாக்கும் பிரிவு இல்லாமலே மாநிலங்களவையில் நிறைவேறியது. கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளைதான் இல்லை என்கிற கதை. சபைக்கு வராமல் போன தன் உறுப்பினர்கள் மீது பா.ஜ.க. தலைமை கடும் கோபத்தில் இருப்பதாக மறுநாள் செய்திகள் வந்தன.

இரு சபைகளும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் சட்டம். சாதாரண மசோதா என்றால் கடைசி வழியாகக் கூட்டுக் கூட்டம் உண்டு. 1961இல் வரதட்சணைத் தடைக்கும், 1978இல் வங்கிப் பணி ஆணையத்தை ரத்து செய்யவும், 2002இல் பொடாவுக்கும் அப்படிக் கூடியிருக்கிறார்கள். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது. அதனால் ஒரு வருடம் கழித்து, 2018 ஆகஸ்ட் 2 அன்று மக்களவை அந்தப் பிரிவை மறுபடி சேர்த்து நிறைவேற்றியது. நான்கு நாள் கழித்து மாநிலங்களவையும் அதை ஏற்றுக்கொண்டது. 102ஆவது திருத்தச் சட்டமாக அது வந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை பழையபடி மூன்றுதான்.

இதன் வால் இன்னும் சுவாரசியமானது. எல்லோரும் மூன்றா ஐந்தா என்று மல்லுக்கட்டியது 3ஆம் பிரிவில். நிஜமான வெடி அடுத்த பிரிவில் இருந்தது, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார் என்று சொல்லும், அரசியலமைப்பின் 342ஏ உறுப்பு. மாநிலங்களின் அதிகாரம் என்னாகும் என்று அப்போதே சிலர் கேட்டார்கள், ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது. 2021 மே மாதம் மராத்தா இடஒதுக்கீடு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தாங்களாகப் பட்டியல் போடும் அதிகாரம் போய்விட்டது என்று 3-2 பெரும்பான்மையில் படித்தது. தமிழ்நாடு மாதிரி, தனக்கென்று பி.சி., எம்.பி.சி. பட்டியலோடு இடஒதுக்கீட்டை நடத்தும் மாநிலத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் அவசரமாக 105ஆவது திருத்தம் கொண்டுவந்து சரிசெய்தார்கள். 2017இல் அந்த வாக்கியத்துக்கு ஒரு வரித் திருத்தம் நிறைவேறியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.

சிறப்புப் பெரும்பான்மை பற்றிப் பேசும்போது 1970ஐ விட்டுவிட முடியாது. முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் மசோதா மக்களவையைத் தாண்டி, செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. ஓட்டுப் போட்ட 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு மனிதரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா தோற்றது. அந்த 75 பேரில் ஒரே ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தால்கூட நிறைவேறியிருக்கும். மானியம் ஒழிந்தது மறுவருடம், 26ஆவது திருத்தத்தில். 2011 டிசம்பர் 27 இரவு இன்னொரு மாதிரி: லோக்பால் மசோதா மக்களவையில் நிறைவேறியது, ஆனால் அதற்கு அரசியலமைப்பு அந்தஸ்து தரும் துணை மசோதா போதிய எண்ணிக்கை இல்லாமல் விழுந்தது. இரண்டு நாள் கழித்து லோக்பால் மாநிலங்களவைக்குப் போனபோது, 187 திருத்தங்கள் குவிந்துவிட்டன என்று அரசு சொல்ல, நள்ளிரவில் ஓட்டே இல்லாமல் சபை ஒத்திவைக்கப்பட்டது. திருத்தங்களின் எண்ணிக்கையே ஓர் ஆயுதம் என்பதற்கு அந்த இரவு சாட்சி. அரசு அவற்றைச் சாக்காகப் பயன்படுத்தியது என்றும் சொல்லலாம், தவறில்லை.

மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: பண மசோதா, அதாவது அரசின் வரி, செலவு பற்றியது மட்டும் என்று வகைப்படுத்தப்படும் மசோதா. அதற்கு மாநிலங்களவை திருத்தங்களைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும், பதினான்கு நாளுக்குள். மக்களவை விரும்பினால் ஏற்கலாம், இல்லையென்றால் அப்படியே தள்ளிவிடலாம். 2016இல் ஆதார் மசோதா அப்படித்தான் வந்தது. மார்ச் 16 அன்று ஜெய்ராம் ரமேஷ் கொண்டுவந்த ஐந்து திருத்தங்களை மாநிலங்களவை ஓட்டெடுத்து நிறைவேற்றியது. அதே நாள் மாலை மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. அந்த ஐந்தில் ஒன்று, தனியார் நிறுவனங்களும் ஆதாரைக் கேட்க வழிசெய்த 57ஆம் பிரிவை நீக்கச் சொன்னது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதாரை ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பில், 57இன் தனியார் பகுதியைச் செல்லாது என்றது. சபையில் தோற்ற திருத்தம் நீதிமன்றத்தில் பாதி ஜெயித்த கதை. சிம் கார்டு வாங்கவும் வங்கிக் கணக்குக்கும் ஆதார் கட்டாயம் என்று நம்மை அலையவிட்ட நாட்கள் நினைவிருக்கும்.

நிஜமாகத் திருத்தங்கள் ஏற்கப்படும் இடம் எது என்றால், கேமரா இல்லாத குழு அறைதான். அங்கே அமைச்சரகம் விட்டுக்கொடுத்தால் அதே மாற்றம் ‘அரசுத் திருத்தம்’ என்ற பெயரில் சபைக்கு வந்து சிரமமில்லாமல் நிறைவேறும், பெருமையும் அரசுக்கே. ஆனால் அங்கும் கட்சிக் கோடு நுழைந்துவிட்டது. வக்ஃப் திருத்த மசோதாவைப் பார்த்த கூட்டுக்குழுவில் 2025 ஜனவரி 27 அன்று பிரிவு பிரிவாக ஓட்டெடுத்தார்கள். ஆளும் கூட்டணி உறுப்பினர்களின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சிகளின் 44 திருத்தங்களும் தோற்றன. ஏப்ரல் 2 அன்று மக்களவையில் தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் திருத்தங்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. மசோதா 288-க்கு 232 என்று நிறைவேறியது, மறுநாள் இரவு மாநிலங்களவையில் 128-க்கு 95. நாடு தூங்கும் நேரத்தில் டிவிஷன் கேட்பவருக்குக் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். கூட இருப்பவர்களே “விடுங்க சார், வீட்டுக்குப் போகலாம்” என்று பார்ப்பார்கள்.

தோற்கும் என்று தெரிந்தே ஏன் கேட்கிறார்கள்? பதிவுக்காக. நாளை தொகுதியில் “நீ எங்கே நின்றாய்” என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். எதிர்த்தரப்பின் பெயரையும் அந்தத் தாளில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டாவது காரணம்தான் பல நேரம் முதல் காரணம்.

இப்போது உங்கள் எம்.பி. விஷயம். வருகைப் பதிவு, கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை இதெல்லாம் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். ஓட்டு அப்படிக் கிடைக்காது. மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் அந்தந்த நாளின் விவாதப் பதிவை எடுக்க வேண்டும். மசோதா நிறைவேறிய தேதியைத் தெரிந்துகொண்டு, அந்த நாளின் கோப்பில் ‘டிவிஷன்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். அன்று எண்ணியிருந்தால் ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள், நடுநிலை வகித்தவர்கள் என்று பெயர்ப் பட்டியல் வரும். சீட்டில் போட்டவர்களின் பெயர் அடிக்குறிப்பிலும் இருக்கலாம், மேலே மட்டும் பார்த்துவிட்டு ஆள் வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் எம்.பி.யின் பெயர் எங்குமே இல்லையென்றால் ஓட்டெடுப்பின்போது அவர் ஓட்டுப் போடவில்லை. அதைக் காரணம் கேட்டு அவருக்கே எழுதலாம்.

குரல் வாக்கெடுப்பாக இருந்திருந்தால் தேடிப் பயனில்லை. அந்தப் பக்கத்தில் திருத்தத்தை முன்மொழிந்தவர் பெயரும், ‘வாக்குக்கு விடப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒரு வரியும் மட்டும்தான் இருக்கும்.